குடும்பத்தில் தோல் புற்று: மரபணுப் பரிசோதனையா, தோலைக் கவனித்துக்கொண்டே இருப்பதா, வீட்டுக்கு வரும் எச்சில் பெட்டியா?

ஒரு குடும்பத்தை மனதில் வைத்துக்கொள்வோம். அக்காவுக்கு 38 வயது. முதுகில் ரொம்ப நாளாக இருந்த மச்சம் ஒன்று ஓரம் கலைந்து கறுத்தது. வெட்டி எடுத்து பயாப்ஸி பார்த்ததில் மெலனோமா, அதாவது தோல் புற்றில் ஆபத்தான ஒரு வகை, என்று வந்தது. அப்பாவின் தங்கைக்கு, அதாவது அத்தைக்கு, சில வருடங்களுக்கு முன் இதே நோய். அப்பா 56 வயதில் கணையப் புற்றில் போய்விட்டார். தம்பிக்கு 34 வயது, உடம்பெல்லாம் மச்சம், இரண்டு சின்னக் குழந்தைகள். அக்காவுக்குத் தையல் பிரிப்பதற்குள் தம்பியின் தூக்கம் போய்விட்டது. அடுத்தது நானா, அப்புறம் என் பிள்ளைகளா என்பதுதான் அவருடைய கேள்வி.

அவர் முன்னால் மூன்று வழிகள் இருக்கின்றன. பரிசோதனை எதுவும் வேண்டாம், ஆபத்து இருக்கிறது என்றே எடுத்துக்கொண்டு தோலை ஒழுங்காகக் கவனித்து வருவது ஒன்று. மரபணு ஆலோசகர் இருக்கும் மருத்துவமனைக்குப் போய் முறையாகப் பரிசோதித்துக்கொள்வது இன்னொன்று. இணையத்தில் பணம் கட்டி, வீட்டுக்கு வரும் குழாயில் எச்சிலைத் துப்பி அனுப்பிவிட்டு முடிவுக்குக் காத்திருப்பது மூன்றாவது. மூன்றும் ஒரே கேள்விக்கான மூன்று விடைகள் போலத் தெரியும். உண்மையில் ஒவ்வொன்றும் வேறு வேறு கேள்விக்கு விடை சொல்கிறது. இதைப் புரிந்துகொள்ளாமல் தேர்ந்தெடுத்தவர்கள்தான் தேவையில்லாமல் பயந்துபோகிறார்கள், அல்லது தேவையில்லாமல் நிம்மதியடைந்து ஏமாறுகிறார்கள். இரண்டாவது வகை எனக்கு அதிகக் கவலை தருகிறது.

பரம்பரையின் பங்கு எவ்வளவு

மெலனோமா குடும்பத்தில் ஓடக்கூடியது என்பது இருநூறு வருடப் பழைய சந்தேகம். இங்கிலாந்தில் வில்லியம் நாரிஸ் என்ற மருத்துவர் 1820-ல் ஒரு நோயாளியைப் பற்றி எழுதும்போது, அவருடைய தகப்பனாரும் இதே நோயில் இறந்தார் என்பதையும் அந்தக் குடும்பத்தினரின் உடம்பில் மச்சங்கள் நிறைய இருந்ததையும் குறித்து வைத்தார். டி.என்.ஏ. என்ற பெயரே இல்லாத காலம் அது. 2016-ல் வெளியான நார்டிக் நாடுகளின் ஆய்வு 2 லட்சத்துக்கும் மேற்பட்ட இரட்டையர்களை வைத்துக் கணக்கிட்டது. மெலனோமா வருவதில் மனிதருக்கு மனிதர் இருக்கும் வேறுபாட்டில் சுமார் 58 சதவீதம் மரபிலிருந்து வருகிறது என்று அது சொன்னது.

இந்த 58-ஐப் படித்துவிட்டு, "எனக்கு வர 58 சதவீத வாய்ப்பு" என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒரு சமூகத்துக்குள் சிலருக்கு வருகிறது, சிலருக்கு வரவில்லை என்ற வித்தியாசத்தை விளக்கும் எண் அது. தனி ஒருவரின் எதிர்காலத்தைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. அந்த 58-க்குள் இருப்பதிலும் பெரும்பகுதி தோல் நிறம், முடி நிறம், மச்ச எண்ணிக்கை ஆகியவற்றைத் தீர்மானிக்கும் நூற்றுக்கணக்கான சிறு வேறுபாடுகள். மெலனோமா வந்தவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு நெருங்கிய உறவில் இன்னொருவருக்கும் அது வந்திருக்கும். ஆனால் ஒரே ஒரு மரபணு உடைந்ததால் வந்தது என்று கைகாட்டக்கூடியவர்கள் அதைவிட மிகக் குறைவு.

அந்தக் குறைவானவர்களில் முதலிடம் சிடிகேஎன்2ஏ என்ற மரபணுவுக்கு. 9-ஆம் குரோமோசோமில் இருக்கும் இதை 1994-ல் மெலனோமா குடும்பங்களோடு தொடர்புபடுத்திக் கண்டுபிடித்தார்கள். இதன் வேலையைச் சொல்ல வண்டியின் பிரேக்தான் நல்ல உவமை. இது உருவாக்கும் பி16 என்ற புரதம், செல் கண்டபடி பிரிந்து பெருகாமல் பிடித்து நிறுத்துகிறது. அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று என்று நம்மிடம் இரண்டு பிரதிகள் இருக்கின்றன. ஒன்று உடைந்தே பிறந்தவருக்கு, ஏதோ ஒரு தோல் செல்லில் மற்றொன்றும் வெயிலாலோ தற்செயலாகவோ பழுதானால் அந்தச் செல்லுக்குப் பிரேக்கே கிடையாது. சிடிகே4 என்ற மரபணு அந்தப் பிரேக் பிடிக்கும் சக்கரம். உலகத்தில் மிகச் சில குடும்பங்களில் சக்கரத்தின் வடிவமே மாறி, நல்ல பிரேக் இருந்தும் பிடிக்காமல் போகிறது. விளைவு கிட்டத்தட்ட ஒன்றுதான்.

அம்மா வழி அல்லது அப்பா வழி என ஒரே பக்கத்தில் மூன்று பேருக்கோ அதற்கு மேலோ மெலனோமா வந்த குடும்பங்களை எடுத்தால், அவற்றில் சுமார் 20 முதல் 40 சதவீதத்தில் சிடிகேஎன்2ஏ மாற்றம் கிடைக்கிறது. பொதுவாக மெலனோமா வந்த எல்லாரையும் எடுத்தால் ஒன்றிரண்டு சதவீதம்தான். அதனால்தான் மரபணு மருத்துவர்கள் முதலில் குடும்ப மரத்தை வரையச் சொல்கிறார்கள். மெலனோமா அதிகமுள்ள நாடுகளில் மூன்று என்பது அவர்களின் கணக்கு: ஒரே ஆளுக்கு மூன்று தனித்தனி மெலனோமாக்கள், அல்லது ஒரே பக்கத்து இரத்த உறவில் மெலனோமாவும் கணையப் புற்றும் சேர்த்து மூன்று. நோய் அரிதான இடங்களில் இரண்டே போதும் என்கிறார்கள். நம் தம்பியின் குடும்பத்தில் அப்பா, அத்தை, அக்கா என்று அப்பா வழியில் மூன்று. கணையப் புற்றை இதில் சேர்ப்பது ஏன் என்று கேட்கலாம். பி16 பிரேக் கணையத்திலும் வேலை செய்கிறது, அது உடைந்த குடும்பங்களில் இரண்டு நோயும் சேர்ந்தே வருகின்றன.

முதல் வழி: பரிசோதனை இல்லாமல் தோலைக் கவனிப்பது

இந்த வழியைப் பலர் தப்பித்தல் என்று நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பெரும்பாலான குடும்பங்களுக்கு இதுதான் நியாயமான வழி என்றே சொல்வேன். மெலனோமா கண்ணுக்குத் தெரியும் இடத்தில் வளரும் புற்று. தோலோடு நிற்கும்போதே பிடித்துவிட்டால், அமெரிக்கப் புள்ளிவிவரப்படி ஐந்து வருடம் கடந்து வாழ்பவர்கள் நூற்றுக்கு 99-ஐ ஒட்டி இருக்கிறார்கள். தொலைவில் உள்ள உறுப்புகளுக்குப் பரவிய பிறகு அது மூன்றில் ஒருவர் என்ற அளவுக்கு விழுந்துவிடுகிறது. புதிய மருந்துகள் வந்தும் இடைவெளி இவ்வளவு. ஆக, எந்த மரபணு என்று தெரியாவிட்டாலும் நேரத்தோடு பார்ப்பது உயிரைக் காப்பாற்றும்.

எப்படிப் பார்ப்பது? ஆறு மாதத்துக்கோ வருடத்துக்கோ ஒருமுறை தோல் மருத்துவர் உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை டெர்மாஸ்கோப் (தோலைப் பெரிதாக்கிக் காட்டும் கருவி) வைத்துப் பார்க்க வேண்டும். மச்சம் நிறைய இருந்தால் உடம்பு முழுக்கப் புகைப்படம் எடுத்து வைத்து அடுத்த முறை ஒப்பிட வேண்டும். இடையில் மாதம் ஒருமுறை வீட்டில் நாமே பார்ப்பது, எட்டாத முதுகுக்குத் துணைவரின் உதவி. சமச்சீர் இல்லாதது, ஓரம் ஒழுங்கில்லாதது, பல நிறம் கலந்தது, வளர்வது, மாறுவது என்று அடையாளங்கள் சொல்வார்கள். அவற்றைவிட எளிதாக நினைவில் நிற்பது இதுதான்: உடம்பில் உள்ள மற்ற மச்சங்களோடு ஒட்டாமல் தனியாக நிற்கும் மச்சத்தைக் காட்டுங்கள். கருமையான தோல் உள்ளவர்களுக்கு மெலனோமா மிக அரிது. ஆனால் வரும்போது பெரும்பாலும் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி ஆகிய இடங்களில் வருகிறது, அங்கே யாரும் பார்ப்பதில்லை. நகத்துக்கு அடியில் அகலமாகிக்கொண்டே போகும் கறுப்புக் கோட்டை அடிபட்ட காயம் என்று விட்டுவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு.

வெயிலிடமிருந்து காத்துக்கொள்வதற்கும் மரபணு அறிக்கை தேவையில்லை. ஆஸ்திரேலியாவின் நாம்பூர் ஊரில் 1992 முதல் 1996 வரை 1,621 பேரை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவை தினமும் சன்ஸ்கிரீன் பூசச் சொன்னார்கள். மற்றவர்கள் தங்கள் விருப்பம்போல இருந்தார்கள். அதற்குப் பிந்தைய பத்து வருடங்களையும் சேர்த்துக் கணக்கெடுத்தபோது, தினமும் பூசியவர்களில் 11 பேருக்கும் மற்றவர்களில் 22 பேருக்கும் புதிதாக மெலனோமா வந்திருந்தது. சிறிய எண்கள்தான், ஆனாலும் நாணயமாகக் குலுக்கல் முறையில் பிரித்து நடத்திய சோதனை என்பதால் எனக்கு இதன்மேல் நம்பிக்கை உண்டு.

அமெரிக்காவின் தடுப்பு மருத்துவக் குழு 2023-ல், தோல் பரிசோதனையை எல்லாருக்கும் பரிந்துரைக்கப் போதிய சான்று இல்லை என்று சொன்னது. இதைக் காட்டி "பார்ப்பதே வீண்" என்று சிலர் பேசுகிறார்கள். அந்த முடிவு அறிகுறி இல்லாத, சாதாரண ஆபத்துள்ள மக்களைப் பற்றியது. மூன்று பேருக்கு நோய் வந்த குடும்பத்துக்கு அது பொருந்தாது.

சரி, இந்த வழியின் குறை என்ன? இரண்டு. ஒன்று, மாற்றம் இருந்தால் அது ஒவ்வொரு பிள்ளைக்கும் போக வாய்ப்பு பாதிக்குப் பாதி. அதாவது, சராசரியாகப் பாதிப் பேர் தங்களிடம் இல்லாத ஒரு ஆபத்துக்காக வாழ்நாள் முழுக்கப் பயந்துகொண்டு, தேவையில்லாத பயாப்ஸிகளுக்கு உட்பட்டுக்கொண்டு இருப்பார்கள். இரண்டு, தோலைப் பார்த்தால் கணையம் தெரியாது. அப்பா கணையப் புற்றில் போன குடும்பத்தில் இந்த இரண்டாவது குறை பெரியது. என்னைக் கேட்டால், தம்பியை இரண்டாவது வழிக்குத் தள்ளுவது மச்சங்களைவிட இந்தக் காரணம்தான்.

இரண்டாவது வழி: ஆலோசகரோடு பரிசோதனை

முதலில் யாருக்குப் பரிசோதனை என்பதில்தான் பெரும்பாலானோர் தவறு செய்கிறார்கள். பயந்தவர் ஓடிப்போய்த் தன் குருதியைக் கொடுக்கிறார். கொடுக்க வேண்டியவர் அக்கா, அதாவது நோய் வந்தவர். அவரிடம் மாற்றம் கிடைத்தால், தம்பியிடம் அந்த ஒரே இடத்தை மட்டும் பார்த்தால் போதும், விடை ஆம் அல்லது இல்லை என்று தெளிவாக வரும். அக்காவைப் பார்க்காமல் தம்பியை மட்டும் பார்த்து "ஒன்றும் இல்லை" என்று வந்தால் அதற்குப் பொருளே கிடையாது. குடும்பத்தில் இருந்த மாற்றம் அவருக்கு வரவில்லையா, அல்லது குடும்பத்தில் இருப்பது பரிசோதனை கண்டுபிடிக்காத வேறொரு மாற்றமா? இரண்டில் எது என்று யாராலும் சொல்ல முடியாது. இந்த வெற்று "இல்லை"-யை நம்பி மச்சம் பார்ப்பதை நிறுத்தியவர்களை நினைத்தால்தான் எனக்குப் பதறுகிறது. தம்பி போய் "அக்கா, எனக்காகவும் பிள்ளைகளுக்காகவும் நீ முதலில் ரத்தம் கொடுக்க வேண்டும்" என்று கேட்பது சங்கடம்தான். சிகிச்சையில் களைத்திருப்பவரிடம் இன்னொரு வேலையைச் சுமத்துகிறோம். ஆனாலும் அதைக் கேட்டே ஆக வேண்டும்.

இன்னொரு குழப்பம் அக்காவின் கோப்புக்குள்ளேயே இருக்கும். கட்டியைப் பரிசோதித்த அறிக்கையில் பிராஃப் என்ற மரபணுவில் மாற்றம் உண்டு என்று எழுதியிருக்கலாம். தோல் மெலனோமாக்களில் ஏறக்குறைய பாதியில் அது இருக்கும், மருந்தைத் தேர்ந்தெடுக்க உதவும். அது அந்தக் கட்டிக்குள் பிறகு உண்டான மாற்றம், பிறவியில் வந்தது கிடையாது, பிள்ளைகளுக்கும் போகாது. சிடிகேஎன்2ஏ இழப்பும் கட்டிகளில் சர்வ சாதாரணம். ஆகவே கட்டி அறிக்கையில் அந்தப் பெயரைப் பார்த்ததும் பரம்பரை என்று முடிவு கட்டக் கூடாது, குருதியிலோ எச்சிலிலோ தனியாகப் பார்த்தால்தான் தெரியும். "பிராஃப் இருக்காமே, எங்களுக்கும் வருமா?" என்று உறவினர்கள் நடுங்குவது இந்த ஒரு விளக்கம் கிடைக்காததால்தான். ஆலோசகர் பத்து நிமிடத்தில் தீர்த்துவைக்கும் பயம் அது.

அக்காவின் முடிவு எப்படியெல்லாம் வரலாம்? தெளிவான கெட்ட மாற்றம் ஒன்று கிடைக்கலாம். எதுவும் கிடைக்காமல் போகலாம். இந்த அளவு வரலாறு உள்ள குடும்பங்களிலும் அதுதான் அதிகம் நடக்கிறது. அப்போது எல்லாரும் முதல் வழிக்குத் திரும்பி, ஆபத்து இருப்பதாகவே வைத்துக்கொண்டு பார்த்துவர வேண்டும். மூன்றாவதாக, மாற்றம் ஒன்று இருக்கிறது ஆனால் அது கெடுதலா இல்லையா என்று யாருக்கும் இப்போது தெரியாது என்ற விடை வரலாம். மனதைக் குடையும் விடை இது. இதை வைத்து எந்த முடிவும் எடுக்கக் கூடாது, உறவினர்களைப் பரிசோதிக்கவும் கூடாது என்பதே நடைமுறை. ஓரிரு வருடம் கழித்து ஆய்வகத்தைத் திரும்பக் கேட்கலாம். எவ்வளவு அதிக மரபணுக்களைப் பார்க்கிறோமோ அவ்வளவு அதிகமாக இந்த வகை விடை வரும். அதனால், "எல்லாவற்றையும் ஒரேயடியாகப் பார்த்துவிடுங்கள்" என்று கேட்பதைவிட மெலனோமாவுக்குச் சான்றுள்ள பத்துப் பதினைந்து மரபணுக்களின் தொகுப்பைக் கேட்பதே நல்லது என்று நினைக்கிறேன்.

தெளிவான மாற்றம் கிடைத்து, தம்பிக்கும் அது இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அவருக்கு நோய் வர வாய்ப்பு எவ்வளவு? இங்கே எண்களைக் கொஞ்சம் பொறுமையாகப் படிக்க வேண்டும். 2002-ல் 80 குடும்பங்களை வைத்து வெளியான பன்னாட்டு ஆய்வு, சிடிகேஎன்2ஏ மாற்றம் உள்ளவர்களுக்கு 80 வயதுக்குள் மெலனோமா வரும் வாய்ப்பு ஐரோப்பாவில் 58, அமெரிக்காவில் 76, ஆஸ்திரேலியாவில் 91 சதவீதம் என்றது. மரபணு ஒன்றே, மேலே அடிக்கும் வெயில் வேறு. 2005-ல் இன்னொரு ஆய்வு, நோயாளிகள் நிறைந்த குடும்பங்களைத் தேடிப்போகாமல், பொதுவாக மெலனோமா வந்தவர்களிடமிருந்து தொடங்கிக் கணக்கிட்டது. அங்கே 28 சதவீதம்தான் வந்தது. இரண்டில் ஒன்று தவறு என்று கொள்ள வேண்டியதில்லை. நோய் நிறைந்த குடும்பங்களில் இந்த மரபணுவோடு வெளுத்த தோல், நிறைய மச்சம், வெயிலில் வேலை என்று மற்றவையும் சேர்ந்திருக்கும். எம்சி1ஆர் என்ற நிற மரபணுவை எடுத்துக்கொள்ளுங்கள். செம்முடிக்கும் வெயிலில் கருகும் தோலுக்கும் காரணமான அதன் வடிவங்கள் கூடவே இருந்த ஆஸ்திரேலியக் குடும்பத்தினருக்கு, சிடிகேஎன்2ஏ மாற்றத்தால் வரும் மெலனோமா சராசரியாக 58 வயதுக்குப் பதில் 38 வயதிலேயே வந்தது என்று 2001-ல் காட்டினார்கள். ஒரு மரபணு தீர்ப்பு எழுதிவிடுவதில்லை, பக்கத்தில் இருப்பவையும் வெயிலும் சேர்ந்து எழுதுகின்றன. மூன்று பேருக்கு வந்த குடும்பம் என்பதால் தம்பி 28-ஐவிட மேலே இருக்கும் எண்களின் பக்கம்தான் தன்னை வைத்துக்கொள்ள வேண்டும்.

முடிவு தெரிவதால் கையில் கிடைப்பது என்ன? தோலைப் பொறுத்தவரை, முதல் வழியில் செய்ததையே இன்னும் கண்டிப்பாகச் செய்வார், அவ்வளவுதான். வித்தியாசம் கணையத்தில் இருக்கிறது. மாற்றம் உள்ளவர்களுக்குச் சுமார் 40 வயதிலிருந்து வருடந்தோறும் எம்.ஆர்.ஐ. அல்லது எண்டோஸ்கோப் வழியாக அல்ட்ராசவுண்ட் பார்க்கச் சொல்கிறார்கள். நெதர்லாந்தின் லைடன் பகுதியில் ஒரே சிடிகேஎன்2ஏ மாற்றத்தைப் பகிரும் பல குடும்பங்கள் உண்டு. அவர்களில் ஏறக்குறைய ஐந்தாறு பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் கணையப் புற்று வருகிறது. அங்கே நீண்ட காலம் கண்காணிப்பில் இருந்தவர்களுக்கு வந்த கணையப் புற்றுகளில் பெரும்பாலானவை அறுவை செய்யக்கூடிய நிலையிலேயே பிடிபட்டன. அறிகுறி வந்த பிறகு கண்டுபிடிக்கப்படும் கணையப் புற்றில் ஐந்தில் ஒன்றுதான் அப்படி இருக்கும். அதோடு, இந்த மாற்றம் உள்ளவர்களுக்குப் புகைப்பழக்கம் கணையம், நுரையீரல், தொண்டைப் புற்றுகளின் ஆபத்தைக் கூடுதலாக ஏற்றுகிறது. தம்பி புகைப்பவராக இருந்தால், அறிக்கையில் அவருக்கு மிகவும் பயன்படும் வரி அதுவாகத்தான் இருக்கும்.

மனதுக்குத் தாங்குமா என்று பலர் கேட்பார்கள். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் சிடிகேஎன்2ஏ குடும்பங்களுக்கு ஆலோசனையோடு முடிவைச் சொல்லி இரண்டு வருடம் பின்தொடர்ந்து பார்த்தார்கள். மாற்றம் இருக்கிறது என்று அறிந்தவர்கள் ஒடிந்துபோகவில்லை, தோல் பரிசோதனைக்கு முன்பைவிட ஒழுங்காகப் போனார்கள். இல்லை என்று அறிந்தவர்கள் போவதைக் குறைத்துக்கொண்டார்கள். குடும்பத்தில் தெரிந்த மாற்றம் தனக்கு இல்லை என்பது உண்மையான நிம்மதிதான். ஆனால் அவர்களும் அதே நிறத்தையும் மச்சங்களையும் பகிர்பவர்கள், எல்லாரையும்போல வெயிலுக்குக் கவனமாக இருக்கத்தான் வேண்டும்.

ஆயுள் காப்பீடு ஒன்று மிச்சம். அமெரிக்காவில் 2008-ல் வந்த சட்டம் மருத்துவக் காப்பீட்டிலும் வேலையிலும் மரபணுப் பாகுபாட்டைத் தடுக்கிறது, ஆயுள் காப்பீட்டைத் தொடவில்லை. நாட்டுக்கு நாடு விதி மாறும். குருதி கொடுப்பதற்கு முன்பே உங்கள் நாட்டு விதியை ஆலோசகரிடம் கேட்டுவிடுங்கள்.

மூன்றாவது வழி: எச்சில் பெட்டி

இதன் கவர்ச்சி எனக்குப் புரிகிறது. யாரிடமும் கேட்க வேண்டாம், அக்காவைத் தொந்தரவு செய்ய வேண்டாம், ராத்திரி பதினொரு மணிக்குப் பயம் வந்தால் அப்போதே பணம் கட்டிவிடலாம்.

ஆனால் தம்பியின் கேள்விக்கு இது பதில் சொல்லாது. இந்தப் பெட்டிகளில் பல, மரபணுவை முழுக்கப் படிக்காமல் அங்கங்கே சில எழுத்துகளை மட்டும் பார்க்கின்றன. சிடிகேஎன்2ஏ எந்த இடத்திலும் உடையலாம், ஒரு துண்டே காணாமல்கூடப் போகலாம். நான்கு வரியைப் படித்துவிட்டுப் புத்தகத்தில் பிழை இல்லை என்று சொல்வதற்குச் சமம் அது. மறுபக்கமும் ஆபத்து உண்டு. இப்படிப்பட்ட நிறுவனங்கள் தந்த மூலத்தரவில் கெட்ட மாற்றம் இருப்பதாக வந்த 49 பேரை ஒரு மருத்துவ ஆய்வகம் மறுபரிசோதனை செய்து 2018-ல் வெளியிட்டது. அந்த மாற்றங்களில் 40 சதவீதம் அவர்களிடம் இல்லவே இல்லை.

சில நிறுவனங்கள் நூற்றுக்கணக்கான சிறு வேறுபாடுகளைக் கூட்டி ஒரு மதிப்பெண் தருகின்றன. இதன் அறிவியல் பொய் கிடையாது. 2020-ல் வெளியான ஆய்வு 36,760 மெலனோமா நோயாளிகளின் தரவிலிருந்து ஆபத்தோடு தொடர்புள்ள 54 இடங்களை மரபணுத் தொகுதியில் கண்டது. ஆனால் அந்தத் தரவு பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினருடையது. மற்றவர்களுக்கு அந்த மதிப்பெண் எவ்வளவு பொருந்தும் என்று நம்பிச் சொல்ல முடியாது. பொருந்துபவர்களுக்கும், கண்ணாடியில் பார்த்துத் தெரிந்துகொள்ளும் முடி நிறத்தையும் மச்ச எண்ணிக்கையையும் தாண்டி அது தரும் கூடுதல் செய்தி கொஞ்சம்தான். குடும்பத்தில் யாருக்கும் நோயில்லாமல் ஆர்வத்துக்காகப் பார்ப்பவர் பார்க்கட்டும். தம்பி அந்தப் பணத்தைத் தோல் மருத்துவருக்குக் கொடுப்பது மேல். ஏற்கெனவே பார்த்துவிட்டு ஏதோ வந்திருந்தால், முறையான ஆய்வகத்தில் உறுதி செய்யும்வரை யாரிடமும் எந்த முடிவும் சொல்ல வேண்டாம்.

கணக்கு மாறும் குடும்பங்கள்

இதுவரை சொன்னது சிடிகேஎன்2ஏ போன்ற மெலனோமா குடும்பத்துக்கு. வேறு சில பரம்பரைத் தோல் புற்றுகளில் பரிசோதனையைத் தள்ளிப்போடுவதே தவறு.

கார்லின் நோய்க்குறி அப்படி ஒன்று. பிடிசிஎச்1 மரபணு உடைவதால் இளம் வயதிலேயே பேசல் செல் புற்றுகள் (மெலனோமா அல்லாத ஒரு வகைத் தோல் புற்று) ஒன்றன்பின் ஒன்றாக வரும், தாடையில் நீர்க்கட்டிகளும் உள்ளங்கையில் ஊசி குத்தியது போன்ற குழிகளும் இருக்கும். இவர்களுக்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை கொடுத்தால் கதிர் பட்ட இடமெல்லாம் புதுப் புற்றுகள் முளைக்கும். ஆகவே நோயின் பெயர் தெரிவது சிகிச்சையையே மாற்றுகிறது. இதே நோய்க்குறி எஸ்யூஎஃப்யூ என்ற மரபணுவால் வந்தால் சின்ன வயதில் மூளைக்கட்டி வரும் ஆபத்து பல மடங்கு கூடுதல், குழந்தைப் பருவத்திலேயே எம்.ஆர்.ஐ. கண்காணிப்பு தேவைப்படும். இவர்களில் சுமார் ஐந்தில் ஒருவருக்காவது பெற்றோரிடம் இல்லாத புது மாற்றமாகவே இது வருகிறது. குடும்பத்தில் யாருக்கும் இல்லையே என்று தள்ளிவிட முடியாது.

ஜீரோடெர்மா பிக்மென்டோசம் இன்னும் கடுமையானது. வெயில் டி.என்.ஏ.வில் உண்டாக்கும் காயத்தைச் சரிசெய்யும் கருவியே இல்லாமல் பிறக்கும் குழந்தைகள் இவர்கள். 1874-ல் இந்த நோய் விவரிக்கப்பட்டது, காரணம் டி.என்.ஏ. பழுதுபார்ப்பில் உள்ள குறை என்பதை 1968-ல் ஜேம்ஸ் கிளீவர் காட்டினார். எட்டு மரபணுக்களில் ஒன்று, அம்மா அப்பா இரண்டு பக்கத்திலிருந்தும் பழுதாக வந்தால் இது வரும், பெற்றோருக்கு எந்த அறிகுறியும் இருக்காது. இரத்த உறவுக்குள் திருமணம் நடந்த குடும்பங்களில் வாய்ப்பு கூடும். கவனிக்காமல் விட்டால் முதல் தோல் புற்று ஒன்பது பத்து வயதிலேயே வந்துவிடுகிறது. கொஞ்ச நேர வெயிலில் கொப்புளம் போடும் குழந்தை, இரண்டு வயதுக்குள் முகமெல்லாம் புள்ளி வரும் குழந்தை என்றால், எந்தத் தோல் நிறமாக இருந்தாலும் பரிசோதனைக்கு ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது. விடை தெரிந்த நாளிலிருந்து வெயிலை முற்றிலும் தடுத்தால் அந்தக் குழந்தையின் வாழ்வே வேறாகிவிடும்.

பிஏபி1 என்ற மரபணுவில் மாற்றமுள்ள குடும்பங்களில் கண்ணுக்குள் மெலனோமா, சிறுநீரகப் புற்று, நுரையீரல் உறையில் வரும் மீசோதீலியோமா எல்லாம் சேர்ந்து காணப்படும். அவர்களுக்கு வருடாந்தரக் கண் பரிசோதனையும் கல்நார் தூசிலிருந்து விலகி நிற்பதும் தேவை. இதையெல்லாம் தோலை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது.

பிள்ளைகளுக்கு எப்போது

தம்பியின் பிள்ளைகள் சின்னவர்கள். தம்பிக்கே மாற்றம் இல்லையென்றால் அவர்களைப் பற்றிய பேச்சு அங்கேயே முடிந்தது, அது அவரைத் தாண்டிக் குதித்துப் பிள்ளைக்குப் போகாது. இருக்கிறது என்றால்? ஒரு தரப்பு, பிள்ளை வளர்ந்து தானே முடிவெடுக்கட்டும், இது அவன் உடம்பைப் பற்றிய செய்தி என்கிறது. இன்னொரு தரப்பு, சின்ன வயதில் பட்ட வெயில்தான் அதிகக் கெடுதல், தெரிந்தால் இப்போதே காக்கலாமே என்கிறது. நான் முதல் தரப்போடு சேர்கிறேன். தொப்பி, நீளக் கைச்சட்டை, சன்ஸ்கிரீன் ஆகியவை மாற்றம் இருக்கும் பிள்ளைக்கும் இல்லாத பிள்ளைக்கும் ஒன்றுதான். பத்து வயதை ஒட்டி ஒருமுறை தோல் மருத்துவரிடம் காட்டித் தொடங்கி வைக்கலாம். கணையப் பரிசோதனையோ நாற்பதுக்குப் பிறகு. அறிக்கையால் இந்த வயதில் மாறப்போவது ஒன்றும் இல்லாதபோது, ஒரு பிள்ளையை "இருக்கிறவன்" என்றும் இன்னொரு பிள்ளையை "இல்லாதவள்" என்றும் வீட்டுக்குள் பிரித்து வளர்க்க வேண்டாம்.

ஆகவே தம்பிக்கு நான் சொல்லும் வரிசை இது. தோல் மருத்துவரிடம் இந்த மாதமே போய் முழு உடம்பையும் காட்டுங்கள், அதற்கு யாருடைய முடிவுக்கும் காத்திருக்க வேண்டாம். அக்கா கொஞ்சம் தேறியதும் அவரோடு சேர்ந்து ஆலோசகரிடம் போங்கள், அக்காவின் குருதி முதலில், உங்களுடையது பிறகு. போவதற்கு முன் அத்தை வீட்டுக்குத் தொலைபேசியில் பேசி, அவருடைய பழைய பயாப்ஸி அறிக்கை இருக்கிறதா என்று கேளுங்கள். குடும்பப் பேச்சில் "தோல் புற்று" என்று சொல்வது பேசல் செல்லாகவோ வெறும் மருவாகவோ இருந்துவிடலாம், அத்தைக்கு வந்தது மெலனோமாதான் என்று காகிதத்தில் இருந்தால்தான் மூன்று என்ற கணக்கு நிற்கும். அப்பாவின் கடைசி மருத்துவமனைக் கோப்பையும் தேடி எடுத்துக்கொள்ளுங்கள், கணையத்தில் தொடங்கியதா, வேறெங்கோ தொடங்கிக் கணையத்துக்கு வந்ததா என்பது அதில் இருக்கும்.